கையில் பட்டதா என்று கேட்டேன்

1. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான கால்பந்துப் போட்டி, இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பெரிய காஞ்சிபுரம் பகுதியிலுள்ள எங்கள் தெரு அணி. மறுபக்கம் ஊருக்கு வெளியே ஒரு கிராமத்து அணி.
2. நடுவர் நான்.
3. ஆட்டம் முடியப்போகும் நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் தெரு அணியின் பெனால்டி பாக்ஸுக்குள் பந்து ஒரு பெண்ணின் கையில் பட்டது.
4. பட்டதா என்று அவளிடம் கேட்டேன். பட்டது என்றாள்.
5. பெனால்டி கொடுத்தேன். கிராமத்து அணி கோல் போட்டது. ஆட்டம் முடிந்தது.
6. பிள்ளைகள் கை குலுக்கிக்கொண்டார்கள்.
7. பெரியவர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள்.
8. இரண்டு அணிகளும் வென்றதாக அறிவிக்கப்பட்டது.

என் வேலையில் அறிக்கையை இப்படித்தான் எழுதுவோம். ஒரகடம் பக்கம் பிரேக் உதிரிப்பாகம் செய்யும் ஆலையில் தரப் பரிசோதனைப் பொறியாளராக இருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். காரணத்தைத் தனியாக எழுத வேண்டும். இரண்டிலும் யாரையும் திட்டக் கூடாது. இந்தக் கடைசி விதியை இங்கே காப்பாற்ற எனக்கு உத்தேசமில்லை.

கல்லூரியில் ஆடியவள் நான். வேலைக்குச் சேர்ந்தபின் ஆட நேரமில்லாமல் நடுவர் தேர்வு எழுதித் தேறினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் ஆட்டத்துக்கு விசில் ஊதப் போவேன். ஊரில் தேர்வு எழுதிய நடுவர்கள் குறைவு என்பதால் என் தெரு ஆடும் ஆட்டத்துக்கும் நானே போக வேண்டியிருந்தது. கிராமத்து அணிக்கு இது பிடிக்கவில்லை. அதன் பொறுப்பாளர் விவசாயக் குடும்பத்துக்காரர், மனை வாங்கி விற்கிறவர், வரப்போகும் உள்ளாட்சித் தேர்தலில் நிற்பதாகப் பேச்சு. காலையிலேயே வெள்ளைச் சட்டையில் வந்து நின்று, என் காதில் விழும்படி சொன்னார்:

"இன்னாபா இது, பொண்ணு வூட்டுக்காரங்களே ஐயரா உக்காந்த மாதிரி இருக்குது! அவங்க தெரு பொண்ணே விசில் ஊதினா நாங்க எதுக்கு வந்தோம், டிபன் சாப்டவா?"

"விசில் எங்களுது, டிபன் எங்களுது, கப்பும் எங்களுதுதாண்ணே" என்றார் எங்கள் தெரு அணியின் கோச். எல்லோரும் சிரித்தார்கள். கோச் ஒரு பட்டுக் கடையில் மேற்பார்வையாளர். அந்தக் கடை முதலாளிதான் போட்டியை நடத்துகிறவர். எங்கள் அணிச் சட்டையின் முதுகிலும் அவர் கடைப் பெயர்தான்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வயதுப் போட்டியில் ஆணும் பெண்ணும் கலந்து ஆடலாம். எங்கள் தெரு அணியில் இருந்த ஒரே பெண் அவள். இடது பக்கத் தடுப்பு. எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் அவள் வீடு. அப்பா பட்டு நெய்கிறவர். மகள் ஆடுவதில் அவருக்கு உள்ளூரப் பெருமை இருந்தது, ஆனால் உறவுக்காரர்கள் பேச்சுக்குப் பயந்து ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: கோச் வேண்டாம் என்று சொல்லும் நாள்வரை ஆடலாம், சொன்ன அன்றே நிறுத்திவிட வேண்டும். இதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். இந்தப் போட்டி முடிந்ததும் மாவட்டத் தேர்வுக்குக் கோச் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. பெண்களில் ஒருவர் பெயர்தான் கொடுக்கலாம். அவரிடமே பயிற்சி எடுத்த இன்னொரு பெண் பக்கத்துத் தெருவில் இருந்தாள்.

ஆட்டம் நன்றாகவே நடந்தது. கோட்டுக்கு வெளியேதான் சத்தம். "தறி மிதிக்கிற காலுக்கு பந்து எதுக்குடா!" என்று கிராமத்துப் பக்கம் ஒருவர் கத்த, "டேய், அது பந்துடா, பறங்கிக்காய் இல்ல! பாத்து தூக்கு!" என்று எங்கள் பக்கம் பதில் போனது. பதினோரு வயதுப் பையன் ஒருவன் பந்தைத் தவறவிட்டதற்கு, அவனுடைய தாய்மாமன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. நான் ஊதிய ஆட்டங்களில் பிள்ளைகள் வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தைகள் எல்லாமே கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே வந்தவை.

கடைசியில் ஒரு கார்னர். பந்து தாழ வந்தது. உயரமான பையன் ஒருவன் எனக்கு முன்னால் ஓடினான். பந்து திசை மாறியதைப் பார்த்தேன். அவள் இடது கை உடம்பைவிட்டு விலகி நீண்டிருந்ததையும் பார்த்தேன். பட்டது தொடையிலா கையிலா என்பது மட்டும் தெரியவில்லை. "ஹேண்டு! ஹேண்டு!" என்று ஒரு பக்கம், "இல்ல, இல்ல" என்று இன்னொரு பக்கம். தெரியாததைத் தெரிந்த மாதிரி ஊதி எனக்குப் பழக்கமில்லை. ஆட்டத்தை நிறுத்தி அவளிடம் போனேன்.

"கையில பட்டுச்சா?"

அவள் முழங்கைக்குக் கீழே பார்த்தாள். சிவந்திருந்தது.

"பட்டுச்சு மேடம்."

தெருவில் அவள் என்னை அக்கா என்பாள். மைதானத்தில் மேடம். நான் சொல்லிக்கொடுத்ததல்ல, அவளாகவே பிரித்து வைத்துக்கொண்டது.

பெனால்டி கோலானது. அவள் போய்க் கோல்கீப்பர் பையனின் முதுகைத் தட்டிவிட்டு வந்தாள். இறுதி விசிலுக்குப் பிறகு வரிசையில் நின்று கை குலுக்கும்போது, கோல் போட்ட கிராமத்துப் பையன் அவளிடம் "தேங்ஸ்" என்றான். "மூடுடா" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அந்த ஆட்டம் முடிய வேண்டிய இடம் அதுதான்.

கோச் நேராக அவளிடம் வந்தார். "உன்னை யாரு வாயைத் தொறக்கச் சொன்னது? ரெஃப்ரி பாக்கலன்னா படலன்னு அர்த்தம். இது கூட தெரியாம இன்னாத்துக்கு ஆடுற?" பிறகு என்னிடம்: "ஏம்மா, கொழந்தைய கேட்டுக்கினுதான் ஆட்டம் நடத்துவியா? இதுக்குத்தான் பரீட்சை எழுதினியா?" எங்கள் தெருப் பெண்மணி ஒருவர், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், "நம்ம தெருவுலயே பொறந்து வளர்ந்துக்கினு இப்படி பண்ணிட்டியேமா" என்றார். காலையில் என்னை ஒருதலைப்பட்சம் என்ற கிராமத்துக்காரர்களுக்கு இப்போது நான் நேர்மையின் அவதாரம். "மேடம்னா மேடம்தான்!" என்று கைதட்டினார்கள். இரண்டுமே ஒன்றுதான் எனக்கு.

தோற்ற அணியாக எங்கள் பிள்ளைகள் மேடைக்கு வர மாட்டார்கள் என்றார் கோச். அவருடைய முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வரும் வேன்கள் கடை வாசலில் நிற்கத் தொடங்கும் நேரம். அவர் கோவில் உற்சவக் குழுவிலும் இருக்கிறவர். இந்த ஊரில் முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டை பழையது. அதைத் தீர்க்கும் வழியும் எல்லோருக்கும் தெரியும்: இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுவது. கோவிலில் அது சரியாக இருக்கலாம். கோவிலில் யாரும் கோல் போடுவதில்லை.

"ரெண்டு பேரும் வின்னர்னு சொல்லிடலாம். ரெண்டு கப்பையும் ஒண்ணா தூக்கட்டும்" என்றார் முதலாளி.

கிராமத்துப் பொறுப்பாளர் யோசித்தார். அவர் நிற்கப்போகும் வார்டில் நெசவாளர் தெருக்களும் உண்டு, அங்கே அவருக்கு ஓட்டு வேண்டும். "எனக்கு கப்பு முக்கியம் இல்லண்ணே. ஆனா என் பசங்களுக்கு இன்னா பதில் சொல்றது? கோல் போட்டானுங்களே! அந்தப் பொண்ணே படலன்னு சொல்லிடட்டும். நான் விட்டுக்குடுத்துடறேன்."

ஆக, அவருக்குப் பெருந்தன்மை காட்ட ஒரு பொய் தேவைப்பட்டது. எங்கள் பக்கத்துக்கும் அதே பொய் தேவைப்பட்டது. அதைச் சொல்ல ஒரு குழந்தை தேவைப்பட்டது.

அவளைக் கோல்போஸ்ட் பக்கம் அழைத்துப் போனார்கள். சுற்றிலும் பெரியவர்கள். கோச் மண்டியிட்டு உட்கார்ந்து மிருதுவாகப் பேசினார். முன்பு கத்தியதைவிட அது மோசமாக இருந்தது.

"மேடம் அதட்டி கேட்டாங்களா கண்ணு? பயந்துட்டே, இல்ல? பயத்துலதானே சொன்ன?"

"நான் அதட்டல" என்றேன். "அவ சொன்னது உண்மை. ஆட்டம் முடிஞ்சிடுச்சு சார். முடிவை இனிமே யாரும் மாத்த முடியாது."

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா" என்றார் முதலாளி. "நல்லதுக்குத்தானே பேசிக்கினு இருக்கோம்."

கோச் என் பக்கம் திரும்பவேயில்லை. "மாவட்டத்துக்கு ஒரு பேருதான் குடுக்க முடியும். யார் பேரைக் குடுக்கட்டும், நீயே சொல்லு."

அவள் அப்பா பின்னால் நின்றிருந்தார். அவள் தோளில் கை வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "சொல்லிடுமா. விளையாடணும் இல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வலது கையால் இடது கையின் சிவப்பை மூடிக்கொண்டாள்.

"படல."

"பாத்தீங்களா! கொழந்த வாயாலயே வந்துடுச்சு!" என்று கிராமத்துப் பொறுப்பாளர் கைதட்டினார். "நான் விட்டுக்குடுத்துட்டேன்பா. எல்லாரும் பாத்துக்குங்க, நான் விட்டுக்குடுத்துட்டேன்."

இரண்டாம் பரிசுக் கோப்பையின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் கோச் நகத்தால் சுரண்டி எடுத்தார். முதலாளி மைக்கில், பெரியவர்கள் விட்டுக்கொடுப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும், இதற்குப் பெயர்தான் விளையாட்டு மனப்பான்மை என்றார். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போட்டுக்கொண்டார்கள். மேடைக்குக் கீழே கோல் போட்ட பையன் தன் பொறுப்பாளரின் சட்டையை இழுத்துக் கேட்டான்:

"என் கோல் இன்னா ஆச்சு மாமா?"

"கப்பு கெடச்சுதில்ல? போய் ஃபோட்டோவுக்கு நில்லுடா."

என் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். நான் மேடை ஏறவில்லை. முடிவை மாற்றிய தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் எதுவும் நிற்கவில்லை, என் கையெழுத்து இல்லாமலே வேலை நடந்தது. எனக்கான பொன்னாடையைக் கோச் மாலையில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நெசவாளர் வீட்டில் பிறந்த அம்மா அதன் கரையை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, "ஜரிகை அசல் இல்ல. நம்ம வூட்டுக்கே குடுக்கறாங்க பாரு" என்று பீரோவின் அடித்தட்டில் போட்டார்.

எங்கள் ஆலைச் சுவரில் ஒரு பலகை உண்டு: தன் பிழையைத் தானே முதலில் சொல்பவர்மீது நடவடிக்கை இல்லை. மேலாளர்கள் எப்போதும் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பலகையாவது இருக்கிறது. அது இல்லாவிட்டால் பழுதான பிரேக் யாருடைய வண்டியிலாவது போய்ச் சேரும் என்பதைப் படிக்காத ஆலை முதலாளிகூடப் புரிந்துகொள்வார். மைதானத்தில் பழுது எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்கு உடனே தெரியவில்லை.

அவள் பெயர் மாவட்டத்துக்குப் போனது. தேர்வானாள். திறமைக்குக் கிடைத்த இடம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த போட்டியில் அவள் ஒரு வயது மூத்த பிரிவில் ஆடினாள். நடுவர் நானே. அவள் காலில் பட்டுத்தான் பந்து வெளியே போனது, எல்லோரும் பார்த்தார்கள். அவள் கையை உயர்த்தித் தன் பக்கத்துக்கு த்ரோ கேட்டாள். மறுத்தேன். சற்று நேரம் கழித்து எதிரணியின் பாக்ஸுக்குள் யாரும் தொடாமலே விழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு புரண்டாள். எழுந்திரு என்று கை காட்டினேன்.

"ரெஃப், கண்ணு தெரியலையா?"

அவள் வாயில் கோச்சின் அதே குரல், அதே இழுவை. கோட்டுக்கு வெளியே பெரியவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். "அப்படி கேளுமா!" என்றார் ஒருவர். அவள் அப்பாவும் சிரித்தார். மஞ்சள் அட்டை காட்டினேன். அதற்குரிய தவறு அது. காட்டும்போது, இதை யாருக்குக் காட்ட வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். அங்கே என் அட்டை செல்லாது.

தெருவில் இப்போது அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை. மேடம் என்றும் இல்லை. ஆலைப் பேருந்துக்கு நான் நிற்கும்போது சைக்கிளில் தாண்டிப் போவாள், பார்வை நேராக ரோட்டில் இருக்கும்.

இன்றைய நிலவரம் இது. அவள் மாவட்ட அணியில் இருக்கிறாள், இடது பக்கத்தில் அவளைத் தாண்டிப் போவது கடினம். இரண்டு கோப்பைகளில் ஒன்று பட்டுக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது. கிராமத்துப் பொறுப்பாளர் தேர்தலுக்குக் காத்திருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் விசில் ஊதுகிறேன். பந்து எங்கே பட்டது என்று எனக்குத் தெரியாவிட்டால், ஆட்டம் தொடரட்டும் என்று கை காட்டுகிறேன். பிள்ளைகளிடம் கேட்பதில்லை.