நோயாளியின் பங்கை வாசித்த சிஸ்டர்

சிஸ்டர் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்த விதம் என் கண்ணை விட்டுப் போவதில்லை. வாசிக்கப் போகிறவர்கள் பிடிப்பதுபோல உயர்த்திப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாங்கில் கையில் நம்பர் துண்டோடு, எப்போது கூப்பிடுவார்கள் என்று குந்தியிருக்கும் சனங்களைப்போல, மடிக்குக் கிட்ட வைத்துக்கொண்டிருந்தார். அவர் வாசிக்க வேண்டியது சில வரிகள்தான். எதிரே நின்ற இளம் போதகர் வாசித்துக்கொண்டே போனார், பக்கம் திருப்பினார், மறுபடி வாசித்தார். நீளமான அந்த வரிகள் அத்தனையும் நான் பேசியவை.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மேசனுக்குக் கல் சுமந்து, பிறகு நானே மேசனாகி, அதற்குப் பிறகு ஆண்டவர் கூப்பிட்டுப் போதகனானவன். கோமாரியில் கிடுகுக் கொட்டிலில் தொடங்கிய சபைக்கு அத்திவாரம் வெட்டியது நான்தான், முதல் பிரசங்கம் செய்ததும் நான்தான். கல்முனையில் இன்றைக்கு நிற்கும் எங்கள் சபைக் கட்டடத்தில் என் கை படாத கல் கிடையாது. அதைக் கட்டும்போது சீமெந்து இறக்க சாய்ந்தமருது முஸ்லிம் காக்காமார் வந்து தோள் கொடுத்தார்கள். அந்த அளவுக்கு ஊரில் எனக்கு மதிப்பு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக்கூடாது. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் அந்தப் படிப்பில் இடம் கிடைத்தது. கிறிஸ்தவத் தலைமைத்துவத்தில் இருப்பவர்களுக்கான பட்டப்பின் படிப்பு. ஊழியத்தை விடாமல் சனிக்கிழமைகளில் மட்டும் படிக்கலாம். கல்முனையில் ஓர் ஆலயத்தின் பின்மண்டபத்தில் வகுப்பு. பட்டம் இல்லாவிட்டாலும் நீண்டகால ஊழிய அனுபவம் உள்ளவர்களைச் சேர்க்கலாம் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியின் கீழ் வந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாரும் பட்டதாரிகள். எனக்கு அது தாழ்வாகப் படவில்லை. அவர்கள் புத்தகத்தில் படித்ததை நான் சீவித்துக் காட்டியவன் என்ற எண்ணத்தோடு முன்வரிசையில் போய் உட்காருவேன். விரிவுரையாளர் கேள்வியை முடிக்கும் முன்னமே பதில் சொல்லுவேன். என்னோடு படித்த அந்த இளம் போதகர் எனக்கு வைத்த பெயர், இயேசுவின் முதல் சீடர்களைச் சொல்வதுபோல, அப்போஸ்தலர். நான் படியேறும்போதே, "கதவ நல்லாத் தொறந்து விடுங்க, அப்போஸ்தலர் வாறார்" என்பார். நானும் சிரித்துக்கொண்டே நுழைவேன். கேலி என்று தெரியும். கேலி செய்யவும் ஒரு ஆள் பெரிதாக இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொள்வேன்.

சிஸ்டர் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. கிழமை நாட்களில் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் நோயாளிகளோடு இருப்பது அவருடைய பணி. ஜன்னலோரக் கதிரையில் உட்காருவார். கேட்டால் ஒழியப் பேசமாட்டார். அவரை நான் பெரிதாக எண்ணியதில்லை. ஒருநாள் தேநீர் வேளையில், "உங்கட வேலை சுகம் சிஸ்டர். கட்டிலுக்குப் பக்கத்தில சும்மா இருந்தாச் சரி. எங்களுக்குத் தொண்டை கிழியும்" என்றேன். அவர் சிரித்தார். "ஓம் பாஸ்டர், கதைக்கிற ஆளுக்குக் களைப்புத் தெரியாது. கேட்டுக்கொண்டு இருந்து பாருங்க, அப்ப தெரியும்" என்றார். அன்றைக்கு அதை நான் ஒரு கதையாகவே எடுக்கவில்லை.

அந்தத் தவணையில் எங்களுக்குத் தந்த வேலை இதுதான். ஒரு நோயாளியைப் போய்ப் பார்க்க வேண்டும். திரும்பி வந்து, நாம் பேசியதையும் அவர் பேசியதையும் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். அழகுபடுத்தக் கூடாது, கூட்டக் குறைக்கக் கூடாது. பிறகு வகுப்பில் ஒருவர் போதகராகவும் இன்னொருவர் நோயாளியாகவும் அதை வாசிப்பார்கள். எழுதியவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதைவிட லேசான வேலை இல்லை என்று நினைத்தேன்.

கோமாரிச் சபைச் சகோதரி ஒருவர் அப்போது கல்முனையில் பெண்கள் வாட்டில் இருந்தார். கருவாடு போட்டுப் பிழைத்த விதவை. மறுநாள் வயிற்றில் ஒப்பரேசன். நான் போனபோது பக்கத்துக் கட்டிலில் நிந்தவூர் முஸ்லிம் ராத்தா ஒருவர், அவரும் நோயாளிதான், இவருக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கதைத்தேன், பாட்டு ஒன்று பாடினேன், வாட்டே கேட்க ஜெபம் பண்ணினேன். மனநிறைவோடு வீட்டுக்கு வந்தேன். அப்போதெல்லாம் எனக்கு எழுத்து ஓடாது. நான் சொல்லச் சொல்ல என் மனுசி எழுதினார். நான் பேசியதற்குப் 'போ' என்றும், நோயாளி பேசியதற்கு 'நோ' என்றும் ஓரத்தில் குறித்தார். இரண்டாவது தாள் முடியும்போது பேனாவைக் கீழே வைத்தார்.

"இவ ஒண்டும் கதைக்கல்லியா?"

"கதைச்ச. ஓம் எண்டு சொன்ன."

"அவ்வளவுதானா?"

"நோயாளி மனுசி என்னத்தக் கதைக்கிற? நீ எழுது."

மனுசி எழுதினார். எழுதியபடி தலையை மட்டும் ஒருமுறை ஆட்டினார்.

வகுப்பில் என் பங்கை வாசித்தவர் அந்த இளம் போதகர். என்னைப்போலவே தொண்டையைச் செருமி, என்னைப்போலவே கையை வீசினார். "என்ன சகோதரி, முகம் வாடிக் கிடக்கு? விசுவாசம் எங்க போன?" என்று தொடங்கியதுமே எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிஸ்டர் "ஓம் ஐயா" என்றார். இளம் போதகர் ஒரு நீண்ட பந்தியை வாசித்தார். சிஸ்டர் மறுபடி "ஓம் ஐயா" என்றார். இந்தமுறை சிரித்தவர்கள் குறைவு. இன்னொரு பந்தி. பிறகு சிஸ்டரின் முறை வந்தது. தாளைப் பார்த்து, தாழ்ந்த குரலில் வாசித்தார்.

"ஐயா, உங்களோட ஒரு விசயம் கதைக்கணும். நாளைக்கு என்ன நடக்குமோ தெரியா. ஆரிட்டயும் சொல்லாத விசயம்."

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. பாங்கு கேட்டால் எங்கள் விரிவுரையாளர் கையை உயர்த்தி வகுப்பை நிறுத்திவிடுவார். ஊருக்குச் செய்கிற மரியாதை என்பார். கல்முனையில் ஒரு பள்ளிவாசல் முடிக்கும்போது அடுத்தது தொடங்கும். நாங்கள் அசையாமல் இருந்தோம். சிஸ்டரும் தாளைத் தாழ்த்தியபடி நின்றார். அவர் கடைசியாக வாசித்த வரி மண்டபத்துக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த வரி என் காதில் விழாமல் இல்லை. விழுந்தது, அதனால்தான் வீட்டில் என் மனுசிக்கு எழுதச் சொல்ல முடிந்தது. ஆனால் அதற்கு எவ்வளவு இடம் தேவைப்பட்டது என்பதைப் பாங்கு முடியும்வரை உட்கார்ந்திருந்தபோதுதான் அறிந்தேன். அடுத்த வரி என்னுடையது. அது என்னவென்று எனக்குத் தெரியும். பாங்கு முடியக்கூடாது என்று ஒரு போதகன் மனதுக்குள் மன்றாடியதை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நான் மன்றாடினேன்.

பாங்கு முடிந்தது. இளம் போதகர் கையை வீசவில்லை, செருமவும் இல்லை. வெறுமனே வாசித்தார். "ஒண்டும் நடக்காது. எனக்கு ஒப்பரேசன் செய்யக்குள்ள நான் டொக்டருக்கே ஜெபம் பண்ணித்துத்தான் மேசையில ஏறின…" அங்கிருந்து என் சாட்சி ஒரு பக்கத்துக்கு நீண்டது. முடிவில் சிஸ்டர் "சரி ஐயா" என்று வாசித்துவிட்டுத் தாளை மடித்தார்.

நோயாளியாக வாசித்தவர் தன் மனதில் பட்டதை முதலில் சொல்ல வேண்டும் என்பது அந்த வகுப்பின் ஒழுங்கு. விரிவுரையாளர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் நோயாளியின் அந்தத் தாழ்ந்த குரலை விடவில்லை.

"நான் இன்னும் சொல்லல்ல சேர்" என்றார்.

அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. அப்போஸ்தலர் என்று கூப்பிட்டவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நான் எழும்பி, எத்தனை பேரின் மரணப் படுக்கையில் நான் நின்றிருக்கிறேன் தெரியுமா என்று தொடங்கினேன். என் குரல் எனக்கே அந்தத் தாளில் இருந்து வாசிப்பதுபோலக் கேட்டது. பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

வகுப்பு முடிந்து கைகழுவும் இடத்தில் சிஸ்டர் பக்கத்தில் வந்தார். "அந்த மனுசி சுகமா பாஸ்டர்?" என்று கேட்டார். ஒப்பரேசன் நல்லபடி முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார் என்றேன். "அப்ப போய்ப் பாருங்க. இன்னும் நேரம் இரிக்கு" என்றார். நான் உடனே போகவில்லை. சபைக்கூட்டம், கலியாணம் என்று ஒவ்வொரு சாட்டுச் சொல்லி நாட்களைக் கடத்தினேன். ஒரு பெண்ணிடம் போய், நீ பேசும்போது நான் கேட்கவில்லை என்று சொல்ல என் வாய் பழகியிருக்கவில்லை.

இப்போது படிப்பு முடிந்துவிட்டது. பட்டமளிப்பு அங்கி போட்டு எடுத்த படம் வீட்டு மண்டபத்தில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு நானே காட்டுகிறேன். சிஸ்டரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாறிப் போகும் முன் ஒருமுறை, "கோமாரிக்குப் போனீங்களா?" என்று கேட்டார். போனேன் என்றேன். நல்லது பாஸ்டர் என்று என் கையைப் பிடித்தார். அங்கே நடந்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

நான் போன நாள் வெயில் நாள். பஸ்ஸால் இறங்கி மணலில் நடந்தேன். வேலிக்கு வெளியே நிற்கும்போதே உள்ளே இரண்டு பெண்கள் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. படலையைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. சகோதரி கதிரையிலிருந்து சிரமப்பட்டு எழும்பினார். பக்கத்தில் அந்த நிந்தவூர் ராத்தா. பத்தியக் கறி ஆக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார்.

"வாங்க ஐயா, இரிங்க" என்றார் சகோதரி.

நான் இருந்தேன். வழியெல்லாம் தயார்படுத்தியதைச் சொன்னேன். "அண்டைக்கு வாட்டில ஒரு விசயம் கதைக்கணும் எண்டு சொன்னீங்க. நான் விடல்ல. இப்ப சொல்லுங்க, கேக்கத்தான் வந்த."

சகோதரி ராத்தாவைப் பார்த்தார். பிறகு என்னை. முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அது சொல்லி முடிஞ்சி ஐயா. ஐயா போனதுக்குப் பொறகு ராத்தாட்டச் சொல்லித்தன்."

பழக்கதோசத்தில் ராத்தாவின் பக்கம் திரும்பி, என்ன விசயம் என்று கேட்டுவிட்டேன்.

"அது அவட கதை ஐயா. எனக்கிட்டத் தந்த. நான் உங்களுக்கு எடுத்துத் தர ஏலா" என்றார் ராத்தா. என் முகம் சுருங்கியதைக் கண்டாரோ என்னவோ, "ஐயா அண்டைக்கு நல்லாக் கதைச்சீங்க. எனக்கே நோவு மறந்து போச்சி" என்றார். கேலியா, உபசாரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சகோதரி தேநீர் தந்தார். ஜெபம் பண்ணட்டுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கடல் பற்றி, மழை பற்றி அவர்கள் இரண்டொரு வார்த்தை சொன்னார்கள். நான் ஓம் என்றேன். குவளையை வைத்துவிட்டு விடைபெற்றேன். இருவரும் எழும்பி நின்று மரியாதையோடு அனுப்பினார்கள். படலையைச் சாத்திவிட்டு றோட்டுக்கு ஏறிய பிறகுதான் உள்ளே அவர்களுடைய கதை மறுபடி தொடங்கியது.