பறக்க விட்ட வௌவால்

இந்த ஊரில் துணியை வெளியே காயப்போடுவது கிட்டத்தட்ட ஒரு குற்றம். டொரன்டோவுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறேன். பின்பக்கம் புல்வெளி இருக்கிறது, கோடையில் நல்ல வெயிலும் காற்றும் இருக்கின்றன. ஆனாலும் கைக்குட்டை முதல் போர்வை வரை எல்லாவற்றையும் ஒரு மின்சாரப் பெட்டிக்குள் போட்டுச் சுழலவிட்டுத்தான் உலர்த்துவார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. வேலிக்கும் மேப்பிள் மரத்துக்கும் நடுவே நைலான் கயிறு கட்டி என் லுங்கிகளைக் காயப்போட ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மாள், எழுபது வயதுக்காரி, அதை ஏதோ ஒரு நாட்டின் கொடி என்று நினைத்து முதலில் மரியாதையாகத்தான் பார்த்தாள். இடுப்பில் கட்டுவது என்று தெரிந்த பிறகு அந்த மரியாதை போய்விட்டது.

இந்த ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, முந்தின நாள் எடுக்க மறந்துபோன லுங்கியைக் கயிற்றிலிருந்து உருவினேன். மடிப்புக்குள் காய்ந்த இலை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உதறிப் பார்த்தேன், விழவில்லை. விரலால் தட்டிவிடப் போனபோது சுருக்கென்று ஒரு கடி. வௌவால்! கட்டைவிரல் அளவுதான் இருக்கும். நம்மூர் வௌவாலுக்குப் பக்கத்தில் வைத்தால் பிள்ளைப்பூச்சி என்பீர்கள். என் விரலில் ரத்தம்கூட வரவில்லை. பாவமாக இருந்தது. இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு போய் மேப்பிள் மரத்துப் பட்டையில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுப் பறந்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மார்கரெட் பார்த்துக்கொண்டிருந்தாள். கடித்ததா என்று கேட்டாள். எறும்பு கடித்த மாதிரிதான், எங்கள் ஊரில் ஒரு மரத்துக்கு நூறு தொங்கும் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. ரேபீஸ் என்றாள். நாய்க்கு வருவதுதானே ரேபீஸ், இங்கே தெருவில் ஒரு நாய்கூட இல்லையே என்று நான் சிரித்து மழுப்ப, அவள் உள்ளே போய் யாருக்கோ போன் செய்தாள். அரை மணி நேரத்தில் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு நர்ஸ் என்னைப் போனில் கூப்பிட்டாள். இந்த நாட்டில் அந்த வியாதி பெரும்பாலும் வௌவாலிடமிருந்துதான் வருகிறது, பல் பட்ட தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம் என்று பொறுமையாக விளக்கினாள். பிறகு கேட்டாள்: "அந்த வௌவால் இப்போது எங்கே?"

பறக்க விட்டுவிட்டேன் என்றேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிடித்து வைத்திருந்தால் சோதித்துப் பார்த்திருக்கலாம், இனி அது நோயுள்ளது என்று வைத்துக்கொண்டுதான் ஊசி போட வேண்டும், உடனே புறப்பட்டு வாருங்கள் என்றாள். போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டேன். ஒரு காலத்தில் என் வீட்டில் தினமும் என்னிடம் கேட்ட கேள்வி அது. அந்த மிருகம் இப்போது எங்கே?

எங்கள் வீடு சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருந்தது. அப்பா இல்லை. அம்மா, எஸ்தர் அக்கா, நான். அக்கா பள்ளிக்கூட டீச்சர், அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவள் பள்ளிக்குப் பின்னால் இருந்த பெரிய ஆலமரம் முழுக்க வௌவால்கள். சாயங்காலமானால் கூட்டமாகப் புறப்பட்டு எங்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் பறந்து போகும். அக்கா நோட்டுத் திருத்துவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்து, "நைட் ஷிஃப்ட் கிளம்பிட்டாங்கடா" என்பாள். விடியற்காலையில் எங்கள் பாதாம் மரத்தடியில் அவை கடித்துப் போட்ட பழங்கள் கிடக்கும். அக்கா அவற்றைப் பொறுக்கிக் கல்லால் உடைத்துப் பருப்பை எனக்குத் தருவாள். வேலை தேடிக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதுத் தடியனுக்கு! வௌவாலைப் பார்த்து நாங்கள் யாரும் பயந்ததில்லை. நாயைப் பார்த்துப் பயப்பட வேண்டிய அளவுக்குப் பயப்படவும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, பள்ளிக்கு நடந்துபோன அக்காவை, கேம்ப் ரோடு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த செவலை நாய் கெண்டைக்காலில் கடித்தது. அந்தக் காலத்து ஊசி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு, தினம் ஒன்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "நாயைப் பத்து நாள் பாருங்க. நல்லா இருந்துச்சுன்னா ஊசியை நிறுத்திடலாம். காணாமப் போனாலோ செத்துப் போனாலோ பதினாலையும் போட்டே ஆகணும்."

நாயைப் பார்க்கும் வேலை எனக்கு. வீட்டில் சும்மா இருந்தவன் நான்தானே. முதல் மூன்று நாள் ஒழுங்காகப் போய்ப் பார்த்தேன். நாலாம் நாளிலிருந்து பாஸ்போர்ட்டுக்கும் ஏஜென்டுக்கும் அலைச்சல். வெளிநாட்டு ஆசை தலைக்கு ஏறியிருந்தது. காலையில் ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். அக்கா வீங்கிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நாய் இருக்காடா?" என்று கேட்பாள். "இருக்குக்கா" என்பேன். பத்தாம் நாள் மாலை பஸ் ஜன்னல் வழியாக ரயில்வே கேட் பக்கம் ஒரு செவலை நாயைப் பார்த்தேன். அதுதான் இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, "இப்பதான் பார்த்தேன், வாலை ஆட்டிக்கிட்டு நிக்குது" என்றேன். வாலை ஆட்டியதை நானாகத்தான் சேர்த்துக்கொண்டேன். அக்கா கையெடுத்துக் கும்பிட்டு, "ஸ்தோத்திரம்" என்றாள். பத்து ஊசியோடு நிறுத்திவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மே மாத மத்தியானம், அக்கா மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். காற்று முகத்தில் பட்டால் தொண்டை இறுகுகிறது என்றாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரைப் பார்த்ததுமே அக்காவின் உடம்பு தூக்கிப் போட்டது. அவள் பார்வை டம்ளரிலிருந்து நகர்ந்து என் மேல் வந்து நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் டீக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்தச் செவலை நாயா சார்? அது அப்பவே பூட்சே. டீச்சரைக் கடிச்ச நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, ஏரிக்கரையாண்ட நுரை தள்ளிக்கினு கெடந்துச்சு. நாங்கதான் பொதைச்சோம். யாருமே வந்து கேக்கலியே சார்." மூன்றாம் நாள் அக்கா போய்விட்டாள். மிச்சம் நாலு ஊசியையும் போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று பின்னாளில் எத்தனையோ டாக்டர்களிடம் கேட்டிருக்கிறேன். சொல்ல முடியாது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அடுத்த வருடம் என் விசா வந்தது.

இங்கே ஊசி கையில்தான் போட்டார்கள். முதல் நாள் மட்டும் கடித்த விரலிலும் சேர்த்து. மொத்தம் ஐந்து தடவை; தேதி குறிக்க ஐந்து கட்டம் போட்ட ஓர் அட்டையும் கொடுத்தார்கள். பைசா கேட்கவில்லை. நான் குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்த்து நர்ஸ் பயந்துவிட்டாள். "வயிற்றில் போடும் காலமெல்லாம் போய்விட்டது. பாருங்கள், முடிந்தே விட்டது. நீங்கள் தைரியசாலி" என்று என் தோளைத் தட்டினாள். ஊசிக்கு அழவில்லை என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வராமலில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

நாலாவது ஊசி போட்ட நாளில் அம்மாவுக்குப் போன் செய்தேன். இங்கே இருட்டத் தொடங்கும் நேரம், சேலையூரில் விடியற்காலை. அம்மா ஜெபம் முடித்து எழுந்திருந்தாள். வௌவால் கதையைச் சொன்னேன். லுங்கியைக் கேட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. "அம்மா, அன்னிக்கு நான் நாயைப் பார்க்கவே இல்லம்மா" என்றேன்.

அம்மா நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "தெரியும்டா" என்றாள். "அக்கா சாவுக்கு வந்தப்பவே டீக்கடைக்காரர் சொல்லிட்டார்."

பத்து வருடம். பத்து வருடமாக என் கிறிஸ்துமஸ் வாழ்த்தையும் என் போட்டோக்களையும் இதைத் தெரிந்துகொண்டேதான் வாங்கி வைத்திருக்கிறாள். "அப்புறம் ஏம்மா என்னைப் போக விட்டே?"

"இங்க இருந்தா தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தானே போகணும். நீ தாங்க மாட்டே. நான் தாண்டிப் போயிக்கிறேன்" என்றாள். "அந்தக் கடைசி ஊசியை விட்டுடாதே. போட்டுட்டு எனக்குச் சொல்லு."

வெளிநாடு வந்து முன்னுக்கு வந்தவன் என்று என்னைப் பற்றி ஊரில் சொல்வார்கள். உண்மையில் என்னை அம்மாதான் அனுப்பிவைத்திருக்கிறாள், வௌவாலை மரத்தில் வைத்த மாதிரி.

நேற்று ஐந்தாவது கட்டத்திலும் தேதி விழுந்தது. அந்தி நேரத்தில் ஒயர் இல்லாத போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கயிற்றில் லுங்கி இல்லை. வேலிக்கு மேலே ஒரே ஒரு சின்ன வௌவால் வெளியே கிளம்பிச் சுற்றிக்கொண்டிருந்தது. "எல்லாம் போட்டாச்சும்மா" என்றேன்.

நான் அனுப்பியிருந்த அதே மாதிரிப் போனோடு அம்மா மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தாள் போலிருக்கிறது. சிறகுச் சத்தம் கேட்டதா, நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. "இங்க வௌவால் எல்லாம் மரத்துக்குத் திரும்பிக்கிட்டிருக்குடா" என்றாள். "உங்கக்கா இருந்தா எண்ணிக்கிட்டு நிப்பா" என்றாள். இங்கே அந்த ஒற்றை வௌவால் கிளம்பிப்போவதைப் பார்த்தபடி, அங்கே அவை வந்து சேரும்வரை போனை வைக்காமல் நின்றேன்.