சப்பாத்தோடு வந்த விருந்தாளி

என்னைப் போல ஒரு மடையனை வலிகாமம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்கள் தங்கி வாழும் மூன்று இல்லங்களுக்கு நான் மேற்பார்வையாளர். போனால் சப்பாத்தைக் கழற்றமாட்டேன். நேரே குசினிக்குள் நுழைந்து சட்டிகளைத் திறந்து மோந்து பார்ப்பேன், கட்டில் விரிப்புகளைத் தூக்கிப் பார்ப்பேன். பெரிய துரை என்ற நினைப்பு.

தைப்பொங்கலுக்கு, ஓர் இல்லத்தில் இருக்கும் ராசனை வீட்டுக்கு அழைத்திருந்தேன். நாற்பது வயதுக்காரர். சப்பாத்தோடு விறுவிறென்று உள்ளே வந்தார். பொங்கல் பானையை மோந்து பார்த்தார், எங்கள் கட்டில் விரிப்பைத் தூக்கினார், நெற்றியைச் சுருக்கித் தலையாட்டினார். அச்சொட்டாக நான்.

"இஞ்சரப்பா, உவர் என்ன செய்யிறார்?" என்றாள் மனைவி.

"ராசன், இது எங்கடை வீடு" என்றேன் மெல்ல.

"அது எங்கடை வீடு" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலமும் அடுத்தவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்டு, அதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த முறை அந்த இல்லத்துக்குப் போனபோது வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினேன். ராசன் எட்டிப் பார்த்தார்.

"உள்ளை வரலாமோ?"

"சாப்பிடுறம். பிறகு வாங்கோ."