ஒரு குறையும் இல்லை!

இரண்டு வருடங்களுக்கு முன், குளிர் இன்னும் விடாத ஒரு புதன்கிழமை, இலண்டனில் மிச்சம் என்ற பகுதியில் நடந்தது இது. அங்கே ஒரு வாடகை மண்டபத்தில் வாரம் ஒருநாள் எங்கள் தமிழ் முதியோர் கூடுவார்கள். சாப்பாடு, கொஞ்சம் உடற்பயிற்சி, நிறைய ஊர்க்கதை. நான்தான் அதை நடத்துகிறேன்.

கவுன்சில் கொடுத்துவந்த உதவி நின்றுபோனது. வேறு வழி பிறக்காவிட்டால் கோடையோடு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதுதான். இடத்தின் பெயர்தான் மிச்சம், எங்கள் கையில் ஒன்றும் மிச்சமில்லை. அப்போதுதான் ஒரு குடும்ப அறக்கட்டளை பற்றிக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். தகப்பன் நினைவாகப் பிள்ளைகள் நடத்துவது. நேரில் வந்து பார்ப்பதாக மகள் போனில் சொன்னார்.

ஆள் வருகிறார் என்று முதியோரிடம் சொன்னதுதான் தாமதம், அந்தப் புதன்கிழமை மண்டபம் கல்யாண வீடாகிவிட்டது. பட்டுச்சேலை, கோட், வாசலில் குத்துவிளக்கு, மேசை நிறைய ரோல்ஸ், வடை, கேசரி. வந்த மகள் சுற்றிப் பார்த்தார். நாங்கள்தான் அவருக்கு நன்கொடை கொடுக்கப்போகிறவர்கள் போல இருந்தோம்.

முன்வரிசையில் இருந்த வயதான அன்ரி ஒருவரிடம் போய், "உங்களுக்கு ஏதும் குறை இருக்கோ, அன்ரி?" என்று கேட்டார்.

"எங்களுக்கென்ன பிள்ளை குறை? ஒரு குறையும் இல்லை. நீங்கள் முதல்ல சாப்பிடுங்கோ."

பக்கத்தில் இருந்த ஐயா இன்னும் ஒரு படி மேலே போனார். "பிள்ளையள் தங்கமாப் பாக்குதுகள். எங்களுக்கு எல்லாம் நிறைஞ்சுபோய்க் கிடக்கு!"

நான் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். ஒருவராவது என் பக்கம் திரும்ப வேண்டுமே! வந்த விருந்தாளியிடம் இல்லாமையைச் சொல்வது எங்கள் சனத்துக்கு வரவே வராது. போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை வந்தது. கோபமும்தான்.

வந்தவர் ஒரு வடையை எடுத்துக்கொண்டு, அன்ரிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வடையைப் பற்றியே கதைத்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"நாளைக்கு என்ன செய்வீங்கள், அன்ரி?"

"நாளைக்கோ?" அன்ரி சிரித்தார். பிறகு மெல்லச் சொன்னார். "மகனும் மருமகளும் வேலைக்குப் போயிடுவினம். பேரப்பிள்ளையளுக்குத் தமிழ் வராது. கதைக்க ஒருத்தரும் இல்லை, பிள்ளை. அடுத்த புதன் எப்ப வருமெண்டு பாத்துக்கொண்டிருப்பன்."

ஐயா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "நானும் அப்பிடித்தான்" என்றார்.

புறப்படும்போது வந்தவர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ர அம்மாவும் கடைசிமட்டும் ஒரு குறையும் இல்லை எண்டுதான் சொன்னவ. நானும் நம்பிட்டன், அக்கா."

அறக்கட்டளையின் உதவி கிடைத்தது. இப்போது புதனோடு வெள்ளியும் கூடுகிறோம்.

ஆனால் என்னால் மறக்க முடியாதது அவர் வந்துபோனதற்கு மறுநாள் காலை நடந்தது. ஊரில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். வழக்கம்போல, "எனக்கென்ன, ஒரு குறையும் இல்லை" என்றார். "நாளைக்கு என்னம்மா செய்வீங்கள்?" என்று கேட்டேன். அம்மா கதைக்கத் தொடங்கினார், நிறுத்தவே இல்லை. அப்படியொரு சின்னக் கேள்வியைக் கேட்க எனக்கு இத்தனை வருடம் எடுத்ததே என்ற உறுத்தல் இன்றும் போகவில்லை.