தடுக்காமல் வாங்கிய அடி

சண்டை விளையாட்டில் முதலில் கற்க வேண்டியது அடிப்பதல்ல, தடுப்பது. பின்னால் போகும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் திரையில் நம் ஆள் இரு கைகளையும் முகத்துக்கு முன்னால் குறுக்கே வைத்துக்கொள்வான். குத்தும் உதையும் அதில் பட்டுத் தெறிக்கும். அலுவலகத்தில் பல வருடங்களாக நான் செய்துவந்ததும் அதுதான் என்பதால் சீக்கிரமே பிடிபட்டது. ஆனால் எதிராளி கிட்டே வந்து பிடித்துத் தூக்கி எறிந்தால் எந்தத் தடுப்பும் உதவாது. என் மச்சினன் என்னை ஒருமுறைகூடத் தூக்கி எறிந்ததில்லை. அவனுக்கு அது வராது என்றே நினைத்திருந்தேன்.

மச்சினன் என் மனைவியின் தம்பி. குன்னூருக்குக் கீழே சரிவில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருந்தான். பச்சை இலைக்கு நல்ல விலை இருந்த காலத்தில், டிவியில் மாட்டி விளையாடும் அந்தப் பெட்டியைக் கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பாடு முடிந்ததும் இருவரும் அதன் முன் உட்காருவோம். நான் மொட்டைத்தலைப் பயில்வான். அவன் காலைச் சுழற்றி உதைக்கும் ஒல்லிப் பெண். பெரும்பாலும் ஜெயிப்பது நான்தான். போர்த்தந்திரம் பற்றி நூலகத்தில் தடித்தடிப் புத்தகங்களாகப் படித்தவன் என்பதால் எனக்கு அது வியப்பாகவும் இல்லை.

பிறகு தேயிலை விழுந்தது. இலைக்குக் கிடைத்தது பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. பலர் பறிப்பதையே விட்டார்கள். பறிக்காமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். இடுப்பளவு நின்ற அவன் தோட்டம் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. எனக்கோ ஊட்டியில் அரசாங்க வேலை. உலகச் சந்தையில் எது விழுந்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம். மாமனார் வீட்டில் இரண்டாவது கரண்டி சாம்பார் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டேன் என்பது வேறு விஷயம்.

தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகப்போவதாக மச்சினன் சொல்ல ஆரம்பித்தான். மாமனார் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு ஞாயிறு, மாமனார் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் என் மனைவி, “ஏனுங்க, நீங்க சொன்னா கேப்பான். போக வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க” என்றாள்.

தவறாமல் சம்பளம் வாங்குகிறவன், பறிக்க ஆள் வைக்க முடியாதவனிடம் பொறுத்துக்கொள் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே உபகாரத்தைச் செய்யத் தீர்மானித்தேன். தோற்றுக்கொடுப்பது. நாலு சண்டை ஜெயித்தால் மனசு தேறும், மனசு தேறினால் மலையிலேயே இருந்துவிடுவான். அவ்வளவு படித்த தலைக்கு அதற்குமேல் தோன்றவில்லை.

அன்று சாப்பாடு முடிந்து சண்டை தொடங்கியதும் பொத்தானை விட்டுவிட்டேன். பயில்வான் கைகளைத் தொங்கப்போட்டு நின்றான். ஒல்லிப் பெண் ஒரு உதை விட்டாள், தடுக்காமல் வாங்கிக்கொண்டேன். அதோடு அவள் பின்வாங்கி, அடிக்கச் சொல்வதுபோல நின்றாள். நான் அடிக்கவில்லை. அவளும் அடிக்கவில்லை. இருவரும் எதிரெதிரே மூச்சு வாங்கிக்கொண்டு ஆடியபடி நிற்க, மேலே நேரம் குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பக்கமாக வந்த மாமியார், மிசின் கெட்டுப்போச்சுங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஒரு உதையின் புண்ணியத்தில் அவன் ஜெயித்ததாக மிசின் அறிவித்தது. அவன் சிரிக்கவில்லை.

“தோத்துக் குடுக்கறீங்களா, மச்சான்?”

சாப்பிட்ட அசதி என்றேன்.

“உங்காளு கையத் தொங்கப்போட்டுட்டு நிக்கறான். எல வெல எறங்குனதுல இருந்து ஊர்ல எல்லாரும் எங்கிட்ட இப்படித்தான் நிக்கறாங்க. நீங்களுமா?” பிறகு கொஞ்சம் தணிந்து, “ஒருவாட்டி நெசமா ஆடுங்க. நானும் நெசமா ஆடறேன்” என்றான்.

அந்த ‘நானும்’ என் காதில் சரியாக விழவில்லை. நான் இறுக்கமாகத் தடுத்துக்கொண்டு நின்றேன். அவள் நேரே நடந்து வந்து பயில்வானைப் பிடித்துத் தூக்கி எறிந்தாள். எழுந்தான், மறுபடி எறிந்தாள். அடுத்த முறை கீழே விழுவதற்குள் ஒரு உதை, அது முடிவதற்குள் இன்னொன்று. என் பயில்வானின் கால் தரையைத் தொடவே இல்லை. நான் எதை அழுத்தலாம் என்று யோசித்து முடிப்பதற்குள் அவன் உயிர் தீர்ந்திருந்தது.

“அப்ப இத்தனை வருசமா?” என்றேன்.

மச்சினன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஊட்டு மாப்பிள்ளைய விருந்துக்குக் கூப்பிட்டு ஒதைக்க முடியுங்களா, மச்சான்?”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. சமையலறை வாசலில் என் மனைவி நின்று, சொல்லியாச்சா என்று கண்ணால் கேட்டாள். விலை நன்றாக இருந்த நாளெல்லாம் எனக்காக அடி வாங்கியவன் அவன். அவனிடம் நான் கேட்க முடிந்தது, எப்போது கிளம்புகிறாய் என்பதுதான். நாளை மறுநாள் என்றான்.

“போய்ட்டு வா, மாப்ள.”

ஊட்டி வரும்வரை பஸ்ஸில் என் மனைவி வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தாள். அவனை மதித்துத்தான் அப்படிச் சொன்னேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிறுதோறும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதியும் அதில் கொஞ்சம் இருந்ததோ என்னவோ, இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

திருப்பூர் அறையில் இடமில்லை என்று பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டான். தனியாக உட்கார்ந்து மிசினோடு ஆடினேன். நான் எந்த வீட்டு மாப்பிள்ளை என்று அதற்குத் தெரியாது. பிடித்துப் பிடித்து எறிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விருந்து மட்டும் நிற்கவில்லை. அவன் உட்காரும் இடம் காலியாக இருக்கும். மாமியார் நான் கேட்காமலே இரண்டாவது கரண்டி சாம்பாரோடு வருவார். நான் இரண்டு கைகளையும் இலைக்கு மேல் குறுக்கே நீட்டுவேன். கை இடுக்கு வழியாக ஊற்றிவிட்டுப் போவார்.