அத்தையின் கட்டைவிரல்

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். மாமாவின் காலடியில் நின்று கேமராவின் பொத்தானை அழுத்தினேன். முதலில் கண்ணில் பட்டது அவர் முகம் அல்ல. பாதி தூரம் வெளியே வந்து, இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றுவிட்ட லென்ஸ். உள்ளே ஏதோ கரகரத்தது. மூன்று முறை முன்னும் பின்னும் போகப் பார்த்தது. பிறகு திரையில் லென்ஸில் கோளாறு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றியது, கேமரா தானாக அணைந்தது. நேரத்தை நான் கவனித்தது துக்கத்தால் அல்ல, பழக்கத்தால். செய்தித்தாளில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, எது நடந்தாலும் முதலில் கடிகாரத்தைப் பார் என்று சொல்லியிருந்தார்கள்.

மாமா என் அத்தையின், அதாவது அப்பாவின் தங்கையின், கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நெஞ்சுச் சளி என்று தொடங்கி ஏழு மாதம் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்து, முந்தின நாள் மாலை இறந்திருந்தார். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அவர்கள் வீடு. முன்னறையில் இருந்த கட்டிலையும் டிவியையும் வெளியேற்றிவிட்டுச் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை, விரல்களுக்கிடையே ஜெபமாலை. மூன்றரைக்கு ஃபாதர் வீட்டுக்கு வந்து ஜெபம் சொல்லி மந்திரிப்பார், உடனே பெட்டியை மூடிவிடுவார்கள், நான்கு மணிக்குக் கோயிலில் பூசை, பிறகு காசிமேட்டுக் கல்லறை. ஃபாதருக்கு ஆறு மணிக்கு வேறு ஊரில் கல்யாணப் பூசை இருந்தது. நேரத்தை நகர்த்த வழியில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு படம் எடுப்பது அந்தத் தெருவின் வழக்கம். தலைமாட்டில் மனைவி, இரண்டு பக்கமும் பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்களும். அந்த ஒரு நிமிடம் யாரும் அழமாட்டார்கள். எல்லோரும் கேமராவைப் பார்ப்பார்கள். ஃப்ளாஷ் அடித்தபிறகு விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்வார்கள். ஏறக்குறைய எல்லா வீட்டுச் சுவரிலும் அப்படி ஒரு படம் உண்டு. ஆனால் அன்று முகூர்த்த நாள். தெருமுனை ஸ்டூடியோக்காரர் ஒரு கல்யாணத்தில் இருந்தார், ஆறு மணிக்கு மேல் வருகிறேன் என்றார். எங்கள் அலுவலகப் புகைப்படக்காரரைக் கூப்பிட்டேன்; அவர் தாம்பரத்தில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தன் செல்போனில் ஒன்று எடுத்துக் காட்டினார். மாமாவின் முகம் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தது. அது இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டு. செல்போனில் அவ்வளவுதான் வந்தது.

இந்தப் படம் வெறும் வழக்கத்துக்காக அல்ல. அவர்களுடைய ஒரே மகன் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். அன்று நடுக்கடலில் இருந்தான். அடுத்த துறைமுகத்துக்கு ஒன்பது நாள். காலையில் கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் மூலம் இரண்டு நிமிடம் பேச அனுமதித்தார்கள். முதலில் அவன் அம்மாவிடம் பேசினான். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான். "மச்சான், அப்பா மூஞ்சியும் அம்மாவும் ஒன்னா தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வை. எனக்கு அது போதும்" என்றான். இணைப்பு அறுந்தது. அந்தக் கேமரா அவன் போன விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனது. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளி நிறப் பெட்டி. பேப்பர்காரன் என்பதால் எனக்குப் படம் எடுக்கத் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அது ஏன் நின்றது என்று எனக்கு அந்த நொடியே தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் அதே கேமராவை அத்தையிடம் கேட்டு வாங்கிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் ஒரு செய்திக்காகப் போயிருந்தேன். அனல் மின் நிலையத்துச் சாம்பல் கொட்டிக் காய்ந்து கிடக்கும் வெளி. காற்று அடித்தது. பின்னணியில் ஒரு படகு வரட்டும் என்று லென்ஸை நீட்டியபடியே கால் மணி நேரம் காத்திருந்தேன். அணைத்தபோது கல் கலந்த அரிசியை மென்றதுபோல ஒரு சத்தம் வந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். செய்தி மூன்றாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக வந்தது, படம் வரவில்லை. கேமராவை உறையில் போட்டு அத்தையிடம் திருப்பிக் கொடுத்தேன். சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அப்போதெல்லாம் அந்த வீட்டில் மாமாவின் இருமலைத் தவிர வேறு சத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்று எனக்கு நானே ஒரு காரணமும் வைத்திருந்தேன்.

அத்தை பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். முந்தின மாலையிலிருந்து அவர் அழவில்லை. அதைப் பற்றிப் பெண்கள் வாசலில் பேசிக்கொண்டார்கள். நான் கேமராவைத் திருகுவதைப் பார்த்துக் கையை நீட்டினார். வாங்கிக் காதோரம் வைத்து ஒருமுறை பொத்தானை அழுத்திக் கேட்டார். திருவொற்றியூரில் மின்சார மீட்டர் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர் அவர். ஓடாத மீட்டர்களைத் திறந்து, எண்சக்கரங்களுக்கிடையே என்ன மாட்டியிருக்கிறது என்று பார்ப்பது அவர் மேசை வேலை. அதையெல்லாம் நான் அன்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை.

"சக்கரத்து பல்லு போவல. தூசிதான் சிக்கிகினு கீது" என்றார்.

எழுந்து பீரோவைத் திறந்தார். கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழுப்புக் காகித உறையை எடுத்து, அதிலிருந்து மாமாவின் எக்ஸ்ரேயை உருவினார். கடைசியாக எடுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். கத்தரிக்கோலால் ஓரத்தில், விலா எலும்பு வராத கறுப்புப் பகுதியாகப் பார்த்து, விரல் நீளத்தில் ஒரு துண்டை வெட்டினார். மாமாவின் அக்காள் அவர் கையைப் பிடித்தார். அத்தை கையை விலக்கவும் இல்லை, வெட்டுவதை நிறுத்தவும் இல்லை.

"இனிமே இது இன்னாத்துக்கு?" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு இருபத்தைந்து. பாயில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தார், ஜெபப் பாட்டு அச்சடித்த நோட்டீசின் பின்பக்கம். பேட்டரிகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கேமராவின் லென்ஸ் தாளைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்து, குழலுக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் எக்ஸ்ரேத் துண்டை நுழைத்து மெல்லச் சுற்றினார். நான் உதவுவதாக நினைத்துக் குனிந்து ஊதப்போனேன். "ஊதாத நைனா, எச்சி ஈரம் உள்ள போவும்" என்றார். அந்தக் குரலில் கோபமோ அன்போ இல்லை. மேசைக்கு எதிரே இருக்கும் ஆளிடம் சொல்வதுபோல இருந்தது. மாமாவின் அண்ணன் வாசற்படியில் இருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "புருசன் பொட்டில கீறான். இவ ரிப்பேரு கடை வெச்சிகினு கீறா" என்றார். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா, அத்தையின் சிநேகிதி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ வந்ததுலேந்து நாலு டீ குடிச்ச, அத யார்னா கேட்டாங்களா?" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தை நிமிரவில்லை.

தாளில் தூசி விழத் தொடங்கியது. ஒரு சிட்டிகை உப்பு அளவுதான். சாம்பல் நிறம், மாவைவிட மெலிது. அத்தை அதைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். கல்யாணமான புதிதில் ஆறு வருடம், கொடித் துணியெல்லாம் சாம்பல் படியும் எண்ணூரில் குடியிருந்தவர் அவர். காய்ந்த துணிகளை உதறாமல் மடிக்கமாட்டார், அந்தப் பழக்கம் ராயபுரம் வந்தபிறகும் போகவில்லை.

"கடக்கரை மண்ணு இல்ல இது" என்றார். "சாம்பலு."

அந்தக் கேமரா அந்த வீட்டை விட்டு ஒரே முறைதான் வெளியே போயிருந்தது. எடுத்துப் போனவன் யார் என்பது அத்தைக்குத் தெரியும். அவர் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. தாளை நான்காக மடித்துப் பாயின் கீழே தள்ளிவிட்டு, பேட்டரிக்காகக் கையை நீட்டினார். நான் கொடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. நான் சொல்லவில்லை.

முதல் முறை லென்ஸ் அதே இடத்தில் வந்து நின்றது. இரண்டாம் முறை, அது சாயத் தொடங்கும் நொடியில், அத்தை கட்டைவிரல் நகத்தைக் குழலின் இடப்பக்கக் கீழ் விளிம்பில் வைத்து ஒரு மயிரளவு தூக்கினார். லென்ஸ் முழுதாக வெளியே வந்தது. திரையில் ஜன்னலும் அதன் கம்பிகளும் தெரிந்தன. விரலை எடுத்தார். குழல் தலையைத் தொங்கப் போட்டது, அதே ஆங்கில வரி வந்தது, அணைந்தது. மறுபடி விரலை வைத்தார், ஓடியது. எடுத்தார், அணைந்தது. உள்ளே ஏதோ ஒரு பிளாஸ்டிக் முளை தேய்ந்துவிட்டது, அதைச் சரிசெய்ய முழுவதும் பிரிக்க வேண்டும், அதற்கு இங்கே திருப்புளி இல்லை, நேரமும் இல்லை என்றார். என்னிடம் கொடுத்துப் பழகச் சொன்னார். நான் ஐந்து முறை முயன்றேன். அதிகமாக அழுத்தினாலும் நின்றது, குறைவாக அழுத்தினாலும் நின்றது. மீன் விற்கும் அக்கா முயன்றாள். பக்கத்து வீட்டுக்காரர் முயன்றார். தானாகப் படம் எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிவந்து நிற்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். விரல் எடுத்தால் அது அணைந்துவிடும் என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. மூன்று இருபது. சந்தின் முனையில் ஃபாதரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"நீ போய் நில்லு நைனா. நான் எடுக்கறேன்" என்றார் அத்தை.

"நீதான் அத்த நிக்கணும். அவன் கேட்டது அதான்."

"இத வேற யாராண்ட குடுக்க சொல்ற?"

கேமராவை அவர் கையில் கொடுத்தேன். அத்தை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டியின் கால்மாட்டுக்குப் போனார். எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். மாமாவின் அண்ணன் இந்தப் பக்கம், அக்காள் அந்தப் பக்கம், மற்றவர்கள் பின்னால். தலைமாட்டில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. யாரும் அங்கே நகரவில்லை. ஃபாதர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமாவின் அண்ணன் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார், அது அவருக்குப் பிடிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "ஆளில்லாத மாதிரி கீதுடா, வந்து நில்லு" என்று அங்கே நிறுத்தினார்.

அத்தை மூன்று படங்கள் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மாமாவின் முகத்தைத் திரையில் நெடுநேரம் பார்த்தார். வலது கை பொத்தானில், இடது கைக் கட்டைவிரல் குழலுக்குக் கீழே. மூன்றாவது ஃப்ளாஷுக்குப் பிறகு விரலை எடுத்தார். லென்ஸ் பாதி உள்ளே போய் நின்றது, திரை இருண்டது. கேமராவைப் பீரோவின் மேல் வைத்தார். ஃபாதர் ஜெபிக்கத் தொடங்கினார். மூன்று முப்பத்தெட்டுக்குப் பெட்டியை மூடினார்கள். பெண்கள் கதறினார்கள். அத்தை திருகாணிகளை முடுக்குபவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் பதினேழாம் நாள் வந்து சேர்ந்தான். கேமரா கார்டிலிருந்து மூன்றையும் கலர் லேபில் பெரிதாகப் போட்டு வைத்திருந்தேன். அவன் மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். மாமாவின் முகம் தெளிவாக விழுந்திருந்தது, மூக்கின் பக்கத்திலிருந்த மச்சம்கூடத் தெரிந்தது. "அம்மா எங்க?" என்றான். அத்தை அடுப்படியிலிருந்து, எடுத்ததே தான்தான் என்றார். பிறகு கேமராவைப் பற்றிக் கேட்டான். வாங்கி எட்டு மாதம்தானே ஆகிறது, எப்படி நின்றது என்றான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டே அவனுக்குப் பதில் சொன்னார்.

"கடக்காத்துதான். இந்த வூட்ல எதுதான் துருப்புடிக்கல?"

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. கடலில் வேலை செய்பவனுக்கு அந்தப் பதில் போதும். அதன்பிறகு பல வருடம் நான் அந்த வீட்டுக்குப் போய்வந்திருக்கிறேன். அத்தை மீன் குழம்பு ஊற்றிக் கொடுப்பார், வேலையைப் பற்றி விசாரிப்பார், ஊர்க்கதை பேசுவார். சாம்பலைப் பற்றிய பேச்சு ஒருமுறையும் வரவில்லை. அவரே பேசட்டும் என்று நானும், நானே சொல்லட்டும் என்று அவரும் இருந்தோமா, அல்லது அவர் அதை உண்மையிலேயே மறந்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. செய்தியில் உறுதி செய்ய முடியாததை எழுதக் கூடாது என்பார்கள்.

அத்தை போன வருடம் இறந்தார். அன்று அந்த முன்னறையில் குறைந்தது முப்பது செல்போன்கள் இருந்தன. மகன் தலைமாட்டில் நின்றான், எல்லோரும் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. மறுநாள் பிற்பகல் பீரோவைக் காலி செய்தபோது பழுப்பு உறைக்குள் அந்த எக்ஸ்ரே இருந்தது, ஓரம் வெட்டியபடி. கேமரா இப்போதும் அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது. லென்ஸ் பாதி வெளியே வந்து, இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதற்கு மேலே சுவரில் மாமாவின் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. பெட்டியைச் சுற்றி ஒன்பது பேர். தலைமாட்டில் நிற்பது நான்.