புளி போட்டு விளக்கிய கிளிஞ்சல்கள்

மூன்று வருடங்களுக்கு முன், போகிக்கு முதல் நாள், உத்திரமேரூர் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்து வீட்டில் நடந்தது இது. அப்போது நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. கடலோரத்தில் தோண்டியெடுத்த, பல நூறு வருடப் பழைய கிளிஞ்சல்கள்தான் என் பாடம். கிளிஞ்சல் வளர வளர, ஓட்டில் வரி வரியாகப் படியும். ஒவ்வொரு வரியையும் சுரண்டிச் சோதித்தால், அது படிந்தபோது கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று கணக்கிடலாம்.

அளந்து படமெடுக்க, பன்னிரண்டு கிளிஞ்சல்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பொங்கல் முடிந்ததும் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தவறினால் சோதிக்கும் மெஷின் கிடைக்க மறுபடி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். வெறும் தண்ணீரில் அலசி, தோட்டத்தில் ஒரு தட்டில் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். மகா புத்திசாலி நான், வைத்த இடம் அண்ணி விளக்கப் போட்டிருந்த பித்தளைச் சாமான்களுக்குப் பக்கத்தில்.

திரும்பி வந்தால், குத்துவிளக்கோடு கிளிஞ்சல்களும் பளபளக்கின்றன.

"ஒரே அழுக்கா இருந்துச்சு பாப்பா. புளி போட்டுத் தேச்சேன். இப்ப எப்படி கீது பாரு!" அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

புளிப்பு பட்டால் ஓடு கரையும். வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன்.

அண்ணி கண்கலங்கிவிட்டார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் தொடப்போறேன்? எது கேட்டாலும் உங்களுக்குப் புரியாதுன்னுட்டு நீதான் போய்க்கினே கீற."

நான் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன்.

யாரிடமும் சொல்லாமல் அனுப்பிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மெஷினுக்குப் புளி தெரியாது, ஏதோ ஒரு எண்ணைத் தரும். அது தப்பான எண் என்று எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். மாட்டுப் பொங்கலன்று மனசு கேட்காமல் பேராசிரியருக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. மெல்லிய ஓடுகள் ஐந்தையும் ஒதுக்கச் சொன்னார். தடித்தவற்றைக் குறுக்கே அறுத்து, புளி எட்டாத நடுப்பகுதியில் சுரண்டச் சொன்னார். நடந்ததை மறைக்காமல் ஆய்வேட்டில் எழுதவும் சொன்னார்.

அன்று சாயங்காலம் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டவர், "இப்ப கடலு எவ்ளோ சூடுன்னு அளந்துடலாம் இல்ல? இப்ப கடல்ல கீற கிளிஞ்சல எடுத்து இதே மாதிரி பாத்தா, கணக்கு சரியான்னு தெரிஞ்சிடுமே, பாத்துட்டியா?" என்றார். பிறகு வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான்.

என் ஆய்வேட்டில் 'புளியால் தேய்த்துக் கழுவப்பட்டவை' என்று ஒரு வரி இருக்கிறது. இவருக்கு எங்கே புரியப்போகிறது என்று யாரைப் பார்த்தாவது நினைக்கும்போதெல்லாம் அந்த வரி ஞாபகத்துக்கு வந்துவிடும், உடனே உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.